கோழிக்குஞ்சுகளுக்குச் சூட்டுப்பெட்டி



ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலே வீட்டின் பின்புறம் நாலு கோழி மேய்வது நமக்குப் பழகிப்போன காட்சி. பண்டிகைக்குக் கறி, பிள்ளைகளுக்கு முட்டை, அவசரத்துக்குக் கைக்காசு என்று மூன்றுக்கும் அது உதவுகிறது. ஆனால் ஆசையாக ஒரு டஜன் குஞ்சு வாங்கி வந்து, மறுநாள் விடியலில் பார்த்தால் நாலைந்து விறைத்துக் கிடக்கும். "கண்ணேறு பட்டுவிட்டது, நமக்குக் கோழி ராசியில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது கண்ணேறும் அல்ல, ராசியும் அல்ல. அந்தக் குஞ்சுகளைக் கொன்றது குளிர்.

"மலாக்காவில் ஏது குளிர்?" என்று கேட்பீர்கள். நமக்கு இல்லை, குஞ்சுக்கு உண்டு. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அந்த இறக்கைக்குள்தான் குஞ்சு கதகதப்பாக இருக்கும். பொரித்த குஞ்சின் மேல் இருப்பது மெல்லிய பஞ்சு மயிர்தான். தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இன்னும் தெரியாது. முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 டிகிரி சூடு வேண்டும். நம் ஊரிலோ இரவில் 24 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நீரிணைக்கு அப்பாலிருந்து 'சுமத்ரா' காற்று மழையோடு வருவதும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னேதான். நாம் பெரட்டுக்குப் புறப்படும் அந்த நேரமே குஞ்சுக்கு ஆபத்தான நேரம்.

ஆகவே தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு நாமே ஒரு சூட்டுப்பெட்டி செய்து கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு டஜன் குஞ்சுக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலமுள்ள மரப்பெட்டியோ கெட்டியான அட்டைப்பெட்டியோ போதும். மூலைகளில் அட்டையை வளைத்து வைத்து வட்டமாக்கிவிடுங்கள். குளிரும்போது குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் அகப்பட்டது மூச்சுமுட்டிச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் கனத்துக்கு நெல் உமியோ மரச்சீவலோ பரப்புங்கள். வெறும் செய்தித்தாளில் கால் வழுக்கிக் கவட்டையாகிவிடும். மேலே அரை அங்குலக் கம்பிவலை போட்டால் எலியும் பூனையும் பாம்பும் அண்டாது.

இனி, சூடு. இப்போது வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. உள்ளே கம்பி சூடேறி எரியும் பழைய குண்டு பல்பு, 60 வாட், நல்லது. அது கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சுக்கென்றே விற்கும் சூட்டு விளக்கை வாங்குங்கள். பல்பைப் பெட்டியின் நடுவில் தொங்கவிடாமல், ஒரு பக்கமாக, குஞ்சுகளுக்கு ஓரடிக்கு மேலே கம்பியால் கட்டுங்கள். மின்கம்பியை நம்பித் தொங்கவிடாதீர்கள். பல்பு உமியில் விழுந்தால் பெட்டி மட்டுமல்ல, பலகை வீடே பற்றிக்கொள்ளும். கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுப்புகைக்கு வாசனை இல்லை. குஞ்சை மட்டுமல்ல, தூங்கும் பிள்ளைகளையும் கொன்றுவிடும். மின்சாரம் நின்றுபோனால், சுடுநீர் நிரப்பிய போத்தலை இறுக மூடி, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.

பல்பை ஏன் ஒரு பக்கமாகக் கட்ட வேண்டும்? குஞ்சுக்குச் சூடு வேண்டியது போலவே, சூட்டிலிருந்து விலகிப்போக இடமும் வேண்டும். ஒரு பக்கம் சூடும் மறு பக்கம் குளிர்ச்சியும் இருந்தால், தனக்கு ஏற்ற இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். நமக்கு வெப்பமானியும் தேவையில்லை. குஞ்சுகள் பல்பின் கீழே நெருக்கி நின்று கீச்சிட்டால் சூடு போதவில்லை, பல்பை இறக்குங்கள். ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து, இறக்கையை விரித்து நின்றால் சூடு அதிகம், உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கத்தில் ஒதுங்கினால் மறுபக்கம் காற்று அடிக்கிறது என்று அறியுங்கள். பரவலாகப் படுத்து, தின்று, மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. தூங்கப்போகும் முன் ஒரு முறையும் பெரட்டுக்குப் புறப்படும் முன் ஒரு முறையும் எட்டிப்பாருங்கள்.

வாரம் ஒன்றுக்கு 3 டிகிரி அளவில் சூட்டைக் குறைத்து வரலாம். மூன்றாம் வாரத்தில் பகலில் விளக்கு பெரும்பாலும் தேவைப்படாது. இறகு முளைக்கும் வரை, ஏறத்தாழ நான்கு வாரம், இரவில் மட்டும் வேண்டும்.

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் இரண்டு நாள் வரை பசி தாங்கும். ஆனால் பெட்டிக்கு வந்ததும் முதலில் தண்ணீர் கொடுங்கள். ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். தட்டில் கூழாங்கற்கள் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது. நொய்யரிசி மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. முதல் சில வாரங்களுக்குக் குஞ்சுத் தீவனமே வேண்டும்.

உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள். ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் நோய்க்கிருமி பெருகும். வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கேட் நோய்க்கு வந்தபின் மருந்தில்லை. முன்னதாகவே தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். 1980-களில் செர்டாங் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், கிராமத்துக் கோழிகளுக்கென்றே, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள். நம்மைப்போன்ற சிறு வளர்ப்பாளரின் கோழிக்கும் அறிவியலில் இடம் உண்டு என்பதற்கு இது சான்று. எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்று கால்நடை மருத்துவ இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

குஞ்சைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவட்டும். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். குஞ்சு சொல்வதைப் பெரியவர்களைவிட அவர்கள் விரைவில் புரிந்துகொள்வார்கள். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது, பெட்டியை முதல் நாளே செய்து, விளக்கைப் போட்டுச் சூடாக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பன்னிரண்டு வாங்கினால் பன்னிரண்டும் விடியலில் கண்விழிக்கட்டும்.