ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு வாத்தியார் குறைவார்!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கூடங்களில் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் ஆகஸ்டு 1-ந் தேதியை மறக்காமல் சொல்வார். அன்று பண்டிகை இல்லை. விடுமுறையும் கிடையாது.

அது தலை எண்ணும் நாள்!

அரசுப் பள்ளியானாலும், அரசு உதவி பெறும் பள்ளியானாலும், அன்றைய தேதியில் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பள்ளிக் கல்வித் துறை கணக்குப் பார்க்கிறது. எத்தனை ஆசிரியர் இருக்கலாம் என்பதை அந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

அட்டவணை சொல்வது என்ன?

2009-ல் பாராளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. நல்ல சட்டம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பைப் பிச்சையாக இல்லாமல் உரிமையாகக் கொடுத்த சட்டம்.

சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. 1 முதல் 5-ம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். அதற்குமேல் 200 வரை 5 பேர்.

இதில் 60, 61 என்ற இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். இடையே இருப்பது ஒரே ஒரு பிள்ளை! அந்தப் பிள்ளையின் அப்பா பிழைப்புக்காக வேறு ஊருக்குக் குடி போய்விட்டால், மூன்றாவது ஆசிரியர் "உபரி" ஆகிவிடுவார்.

பானையில் சோறு மிஞ்சினால் உபரி எனலாம். நேற்றுவரை மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவரை அப்படிச் சொன்னால் மனம் நோகாதா?

அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஓர் ஊரில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர், இன்னோர் ஊரில் 50 பிள்ளைகளுக்கு ஒருவர் என்றிருந்தால் அவர் என்ன செய்வார்? இங்கே இருப்பவரை அங்கே மாற்றுவார். இதற்குப் "பணி நிரவல்" என்று பெயர்.

கரும்பலகைக்கு முன்னால்

ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் பார்ப்பது வேறு.

60 பிள்ளைகள் என்றாலும் வகுப்பு ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு "அ" எழுதக் கைபிடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட வேண்டும். இருப்பதோ இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். பாடப்புத்தகம் வாங்கிவர, சீருடைக் கணக்கு எழுத, "எமிஸ்" என்ற கணினிப் பதிவேட்டில் விவரம் ஏற்ற அவர்தான் ஓட வேண்டும். மற்றவர் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள்!

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து பாடம் மறந்துபோன பிள்ளைகளுக்காக 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிக்கும் திறமையைப் பார்த்துப் பிரித்து உட்கார வைத்தார்கள். பல வகுப்புகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இது கைகொடுத்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செல்போனில் ஏற்ற வேண்டும் என்றபோது, பாடம் நடத்தும் நேரத்தை அது தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன.

பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

வடசென்னையில் இதற்குப் பதில் கடலிலும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. காசிமேட்டில் படகுகள் கட்டிக் கிடக்கும். வீட்டில் காசு இராது. பள்ளியில் பிள்ளை சேர்க்கும் காலமும் ஏறக்குறைய அதுவே!

கால்வாய்க் கரைக் குடிசைகளை எடுத்து, மக்களை நகரத்தின் தென்கோடியில் குடியேற்றும்போது, அவர்களோடு பிள்ளைகளும் போய்விடுகிறார்கள். ஆங்கில வழிப் படிப்பின் மோகம் வேறு. அந்த மோகத்தைப் பார்த்து 2012 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகளைப் பெருக்கினார்கள். இன்னொரு பக்கம், தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று அதே சட்டம் சொல்கிறது. பெற்றோருக்கு அது லாபம். அரசுப் பள்ளியின் பதிவேட்டில் அது நஷ்டம்.

ஆகவே கோடை வந்தால் ஆசிரியர்கள் குப்பம் குப்பமாக, வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். "எங்கள் பள்ளியில் சேருங்கள்" என்று நோட்டீசு கொடுக்கிறார்கள்.

தியாகராயர் கண்ட வழி

பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கும் வழியை இந்த வட்டாரத்துக்காரர் ஒருவர் 1920-லேயே கண்டார். அவர் பழைய வண்ணாரப்பேட்டை பிட்டி தியாகராயச் செட்டியார். அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க முடிவானது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அந்தச் சிற்றுண்டி 1925-ல் நின்றுபோனது. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது!

காலைச் சாப்பாடு மறுபடி வர 97 ஆண்டுகள் ஆயின. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சென்னையில் முதலில் பலன் பெற்றவை வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகள். உப்புமா, கிச்சடி, பொங்கல். முதல் பாடவேளையில் பசியால் வாடிய முகங்களைப் பார்த்த ஆசிரியருக்கு அந்த உத்தரவின் அருமை தெரியும்.

அதிலும் ஒரு குறை இருந்தது. ராயபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் பல. நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு அந்தச் சாப்பாடு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. மூன்று ஆண்டு காலம், ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் பொங்கல்; அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லை.

எந்த வாசலில் மனுக் கொடுப்பது?

ஆசிரியர் தம் குறையை யாரிடம் சொல்வார்? திருவொற்றியூரும் எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் தனி நகராட்சிகளாக இருந்தன. 2011-ல் இரண்டும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாவட்டம் மட்டும் திருவள்ளூராகவே இருந்தது! 2018-ல்தான் சென்னை மாவட்டம் ஆனது. குப்பைக்கு ஓர் அலுவலகம், கல்விக்கு வேறு அலுவலகம் என்று ஏழு ஆண்டுகள் ஓடின.

ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கை மூன்றே சொல்: வகுப்புக்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் 60 ஆனாலும் 40 ஆனாலும் ஐந்து வகுப்புக்கு ஐந்து பேர் வேண்டும் என்கிறார்கள். அதற்குச் சம்பளப் பணம் வேண்டும். சட்டத்தின் அட்டவணையோ 2 போதும் என்கிறது. ஆகஸ்டு 1-ந் தேதி எண்ணுவது அந்த அட்டவணைப்படிதான்.