பிக் மெச் வாரமும் புறக்கோட்டைக் கணக்கும்

பெப்ரவரி பிறந்ததும் புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு ஓர் அவசரம் தொடங்கிவிடும். பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் உரிய அவசரம் வேறு. இது பாடசாலைகளின் கிறிக்கெட் போட்டிகளால் வரும் அவசரம். ஒருவர் வந்து நீலத் துணி பத்துச் சுருள் கேட்பார். அடுத்தவர் மெரூன் கேட்பார். கெய்சர் வீதியிலும் மூன்றாம் குறுக்குத் தெருவிலும் கடை வைத்திருப்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்காமலே எந்தக் கல்லூரிக்கு எந்த வாரம் என்று சொல்லிவிடுவார்கள்.

வியாபாரப் பக்கத்தில் விளையாட்டு எதற்கு என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் இந்தப் போட்டிகளைச் சுற்றிக் கைமாறும் பணத்தையும், அதைவிடப் பெறுமதியான வேறொன்றையும் நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

முதலில் கொஞ்சம் வரலாறு. ரோயல் கல்லூரி கொழும்பு அக்கடமி என்ற பெயரில் இயங்கிய காலத்தில், 1879இல், சென். தோமஸ் கல்லூரியுடன் முதல் போட்டி நடந்தது. அதில் ஆசிரியர்மாரும் ஆடினார்கள். 1880 முதல் மாணவர்கள் மட்டும் ஆடினார்கள். தொடரின் கணக்கும் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு உலக யுத்தங்களாலும் இதை நிறுத்த முடியவில்லை. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் இரண்டு கல்லூரிகளுக்கிடையே 1878இல் தொடங்கிய தொடர் மட்டுமே இதைவிட மூத்தது என்பார்கள். 1885இல் ரோயல் அணி ஒன்பது ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்தப் போட்டி முடிவு வரை ஆடப்படவில்லை. தோமஸ் பக்கத்தார் அதைத் தங்கள் வெற்றி என்கிறார்கள். ரோயல் பக்கத்தார் வெற்றி தோல்வியற்றது என்கிறார்கள். நூற்று நாற்பது வருடமாகத் தீராத வழக்கு அது. கூடாரத்தில் பேச்சு மந்தமானால் யாராவது அந்த ஒன்பதைக் கிளப்பிவிட்டால் போதும்.

இது நீலங்களின் சமர். கண்டியில் திரித்துவக் கல்லூரியும் புனித அந்தோனியாரும் மோதுகின்றன. காலியில் ரிச்மண்டும் மஹிந்தவும் 1905 முதல் ஆடுகின்றன. கொழும்பில் ஆனந்தாவுக்கும் நாலந்தாவுக்கும் மெரூன் நிறச் சமர். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கியது வடக்கின் பெரும் போர். அநேகமாக எல்லாம் மார்ச்சை ஒட்டியே வருவதால்தான் நமது துணிக்கடைக்கு அந்த மூச்சுமுட்டல்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். கொடி, தொப்பி, ரீ-சேர்ட், கழுத்துப்பட்டி, கூடாரம், கதிரை, ஒலிபெருக்கி, பப்பரே வாத்தியக் குழு, சாப்பாடு என்று பட்டியல் நீளும். பெரிய கம்பனிகளின் அனுசரணை வேறு கதை. ரோயல்-தோமியன் போட்டிக்கு டயலொக் நிறுவனம் பல வருடங்களாக அனுசரணை வழங்கி வந்திருக்கிறது. நம் போன்ற சிறு வியாபாரிகளின் பங்கு கொடியும் சட்டையும் புரியாணியும்தான். இதில் இறங்க நினைக்கும் இளைய முதலாளிமாருக்கு அனுபவத்தில் கண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ரோயலின் நிறம் நீலமும் தங்க மஞ்சளும். தோமஸின் நிறம் நீலமும் கறுப்பும். நீலம் இரண்டு பக்கமும் ஓடும். மிஞ்சினாலும் பாடசாலைப் பைக்கோ திரைச்சீலைக்கோ போய்விடும். கழுத்தைப் பிடிப்பது மஞ்சள்தான். அதை அளந்து வாங்குங்கள். அடுத்தது, ஆண்டையோ போட்டியின் இலக்கத்தையோ முன்பணம் வாங்காமல் அச்சடிக்காதீர்கள். 140ஆவது போட்டி என்று அச்சடித்த தொப்பியை 141ஆவது போட்டிக்குப் பிச்சை கொடுத்தாலும் ஒருவரும் தலையில் வைக்கமாட்டார். கல்லூரிச் சின்னம் வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

மலர் விளம்பரம் பற்றியும் பேசவேண்டும். ஜனவரியில் பழைய மாணவர் இருவர், மூவர் கோப்புடன் கடைக்கு வருவார்கள். முழுப் பக்கம் இவ்வளவு, அரைப் பக்கம் இவ்வளவு. அந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்ததாக நான் இதுவரை அறியேன். அதனால் அதை விளம்பரச் செலவு என்று எண்ணி இலாபம் தேடாதீர்கள்; வருட ஆரம்பத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி, அதற்கு மேல் போகாமல் இருங்கள். நம்மவர்களில் சிலர் வெட்கத்தில் இல்லை என்று சொல்லத் தெரியாமல் ஐந்து கல்லூரிகளுக்கு ஐந்து முழுப் பக்கம் கொடுத்துவிட்டு, ஏப்ரலில் காசோலை திரும்பி வருகிறதே என்று தலையில் கைவைக்கிறார்கள். காலாகாலமாக இருந்த தொப்பி வசூலும் இப்படித்தான். பொடியன்கள் தொப்பியை நீட்டிக்கொண்டு கடை கடையாக வருவார்கள். லொறி நிறையப் பாட்டும் கூத்துமாக வந்தால், பிள்ளைகள் என்று கொடுத்தவர்களும் உண்டு, கண்ணாடி உடையாமல் இருந்தால் போதும் என்று கொடுத்தவர்களும் உண்டு. கல்லூரி அதிபர்கள் தடை விதித்து எச்சரித்த வழக்கம் அது. தடை விதித்தது நல்லதே.

நான் ரோயலில் தமிழ்ப் பிரிவில் படித்தவன். உயர்தரத்தோடு வாப்பாவின் கடைக்கு வந்துவிட்டேன். தமிழ்ப் பிரிவென்றால் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மட்டும். சிங்களப் பிரிவு அடுத்த கட்டிடத்தில். வருடம் முழுவதும் ஒரே மணிக்கு எழுந்து ஒரே கீதம் பாடினாலும் அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. பிக் மெச் வாரத்தில்தான் அந்தச் சுவர் இல்லாமல் போகும். சைக்கிள் ஊர்வலத்தில் எனக்கு முன்னால் போனவனுடைய சங்கிலி கழன்றது. இறங்கி மாட்டிக் கொடுத்தேன். அவன் சிங்களம் பேச, நான் அரைகுறையாகப் பதில் சொல்ல, அன்றைய பழக்கம் இன்றுவரை நிற்கிறது. அவர் இப்போது மோட்டார் உதிரிப்பாகம் இறக்குமதி செய்கிறார். 1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் வகுப்பில் சில கதிரைகள் காலியாயின. அப்படிப் போனவர்களில் ஒருவர் கனடாவிலிருந்து மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மார்ச்சில் வந்து இறங்குவார். மகனின் கலியாணத்துக்குக்கூட அவ்வளவு முன்கூட்டி டிக்கட் எடுத்திருக்கமாட்டார்.

எஸ்.எஸ்.சி. மைதானத்தில் எங்கள் ஆண்டுத் தோழர்களின் கூடாரத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் போத்தல்காரர்கள். மறுபக்கம் சோடா மேசை. சோடா மேசைக்கு நாம்தான் நிரந்தர உறுப்பினர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்த பிறகு போத்தல் பக்கத்திலிருந்து வருடத்துக்கு இரண்டு பேராவது இந்தப் பக்கம் மாறி வருவதால் இப்போது எங்கள் மேசைதான் பெரிது. வெள்ளிக்கிழமை பகல் ஜும்ஆவுக்குத் தெவட்டகஹ பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பி வரும்வரை கதிரையைக் காவல் காப்பவர் அந்த உதிரிப்பாக நண்பர்தான். 2025இல் போட்டி நோன்பு மாதத்தில் வந்தது. அன்றைக்கு எங்கள் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு அவர்கள் பார்சலை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போனதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம். சாப்பிடுங்கடா மச்சான், நோன்பு எங்களுக்குத்தான் என்று கூப்பிட்டு உட்கார்த்த வேண்டியதாயிற்று. ஐம்பது கடந்த முதலாளிமாரும் டொக்டர்மாரும் ஒருவரை ஒருவர் வாடா போடா என்று கூப்பிடும் இடம் நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? கடையில் என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. கூப்பிட்ட உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள்.

2019 மார்ச்சில் 140ஆவது போட்டியில் எல்லோரும் கூடிக் கலைந்தோம். அடுத்த மாதம் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. மே மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் நம்மவர் கடைகள் எரிந்தன. எரியாத கடைகளுக்கும் ஆள் வரவில்லை. முஸ்லிம் கடையில் வாங்காதே என்ற பேச்சு தொலைபேசிகளில் சுற்றியது. அந்த மாதங்களில் என் கடையின் விற்பனை எந்த அளவுக்கு விழுந்தது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கணக்குப் புத்தகத்திலும் அதே பக்கம் இருக்கும்.

எங்கள் வகுப்புத் தோழர்களின் தொலைபேசிக் குழுவில் அன்று பலர் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் அந்தப் பேச்சை அப்படியே எங்களுக்கும் அனுப்பிவிட்டார், அங்கே எங்களைப் போல் பத்துப் பன்னிரண்டு முஸ்லிம்கள் இருக்கிறோம் என்பதை மறந்து. ஒருவரும் அவருக்குப் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் உதிரிப்பாக நண்பர் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். வீட்டுக்குத் திரைச்சீலை வேண்டும் என்றார். அவருடைய வீட்டுக்குத் திரைச்சீலை முந்திய வருடம்தான் நானே தைத்துக் கொடுத்திருந்தேன். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அளந்து, வெட்டி, பணம் வாங்கிக்கொண்டேன். கழிவு கொடுக்கப் போனபோது முழுப் பணத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே 2020 மார்ச்சில் கூடாரத்துக்குப் போவதா இல்லையா என்பது எங்கள் பன்னிரண்டு பேருக்கும் சின்ன விஷயமாக இருக்கவில்லை. நாலு பேர் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒருவருடைய மச்சினனின் கடை மே மாதத்தில் எரிந்தது. மற்றவர்கள் போனோம். குழுவில் அந்தச் செய்தியை அனுப்பியவரும் வந்திருந்தார். முதல் நாள் எட்ட நின்றார். இரண்டாம் நாள் பகல், சோடா மேசையில் வந்து உட்கார்ந்து, வட்டிலாப்பம் இல்லையா மச்சான் என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் என் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் போகும். அந்த வருடம் நான் கொண்டுபோகவில்லை. நாளைக்குக் கொண்டு வாறன் என்றேன். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் வட்டிலாப்பம் போனது.

அந்தப் போட்டி மார்ச் 12 முதல் 14 வரை, கொரோனா தலைகாட்டிய வேளையில் நடந்தது. நடத்தியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தக் கூட்டத்தில் தொற்றாளர் ஒருவர் இருந்தது பின்னர் தெரியவந்து எல்லோரும் பயந்து கிடந்தோம். 20ஆம் திகதி ஊரடங்கு வந்து கடைகள் மூடப்பட்டன.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரைப் பற்றியும் இங்கே எழுதவேண்டும். மத்திய கல்லூரியில் படித்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களோடு சேர்த்து அவருடைய குடும்பமும் வெளியேற்றப்பட்டது. புத்தளத்தில் இரும்புச் சாமான் கடை போட்டு நிமிர்ந்தவர். யுத்தம் முடிந்து ஏ9 பாதையில் தடையில்லாமல் போகமுடிந்த பிறகு, வடக்கின் பெரும் போருக்கு ஒவ்வொரு வருடமும் பஸ்ஸில் போய் வருகிறார். சோனகத் தெருவில் சொந்த வீடு பாழடைந்து கிடக்க, அவருக்கு இராத் தங்கப் பாய் போடுவது கூடப் படித்த தமிழ் நண்பரின் வீடு. அந்த நண்பருக்குச் சீமெந்து வியாபாரம். இன்றைக்கு இருவருக்கும் இடையே சாமான் போய் வருகிறது. ஆனால் அது மைதானத்தில் பேசி முடித்த வியாபாரம் அல்ல, இரண்டு வருடம் கழித்துக் கடையில் உட்கார்ந்து பேசியது.

இதைக் குறிப்பிடக் காரணம், பழைய மாணவர் தொடர்பை வியாபார வலை என்று பார்க்கும் பழக்கம் இப்போது கூடிவருவதுதான். முகவரி அட்டை நிரம்பிய சட்டைப் பையோடு கூடாரத்துக்கு வரும் இளையவர்களைக் காண்கிறேன். எங்கள் கூடாரத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: மூன்று நாளும் கடன், காசோலை, டென்டர் பேச்சு எடுத்தால் அன்றைய ஐஸ்கிறீம் செலவு அவர் தலையில். கூடப் படித்தவனுக்குச் சாமான் கடனுக்குக் கொடுக்கலாம். நானும் கொடுத்து வருகிறேன். ஆனால் திங்கட்கிழமை கடைக்கு வரச் சொல்லி, மற்ற வாடிக்கையாளருக்கு எழுதும் அதே பில் புத்தகத்தில், அதே தவணையில் எழுதித்தான் கொடுப்பேன். 2022இல் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மாத முடிவில் 300ஐத் தொட்டபோது, வாய்ப்பேச்சில் விலை பேசியவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் போனார்கள். எங்களில் எழுதி வைத்திருந்தவர்கள் நட்டத்தைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு மறுபடியும் ஒரே மேசைக்கு வந்தார்கள். வகுப்புத் தோழன் ஒருவனுடைய சிறுநீரகச் சிகிச்சைக்குப் பணம் சேர்த்ததும் அதே மேசையில்தான். அதற்கு மட்டும் பில் புத்தகம் கிடையாது.

நம்மில் வசதியுள்ளவர்கள் இப்போது பிள்ளைகளைச் சர்வதேச பாடசாலைகளுக்கு அனுப்புகிறோம். ஆங்கிலம் வருகிறது, நல்லது. ஸாஹிராவுக்கு அனுப்புபவர்களின் பிள்ளைகளுக்காவது உதைபந்தாட்டமும் றகரும் பழைய மாணவர் கூட்டமும் உண்டு. என் இளைய மகனிடம் உனக்குப் பிக் மெச் எது என்று கேட்டேன். தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை வாப்பா என்றான். போனமுறை அவனைக் கூடாரத்துக்குக் கூட்டிப் போனேன். உதிரிப்பாக நண்பரின் மகனும் வந்திருந்தான். இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்து பப்பரேக்குத் தாளம் போட்டதைக் கண்டேன்.

அடுத்த மார்ச்சுக்குக் கூடாரச் சட்டை தைக்கும் பொறுப்பு இம்முறையும் என் தலையில்தான். அளவுகளை எழுதி அனுப்பச் சொன்னேன். 46 சட்டைகள். மீடியம் கேட்டவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டும் மகன்மாருக்கு.