பெட்ரோல் முள் பொய் சொன்னால்

பழைய காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்கள் நம் நாட்டில் பலர். அம்பாசிடர், மாருதி 800 ஆகிய கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. ஆனாலும் சில ஊர்களில் அவை இன்னும் ஓடுகின்றன. இத்தகைய பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதை முள் தவறாகக் காட்டும். அல்லது பெட்ரோல் குறைந்தபோது எரிய வேண்டிய விளக்கு எரியாது.

இது சின்ன விஷயம் என்று விட்டுவிடலாமா? கூடாது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு இரவில் போகிறீர்கள். முள் பாதி டேங்க் என்று காட்டுகிறது. வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

வண்டிக்கும் கெடுதல் உண்டு. டேங்க் காலியாகும்போது அடியில் உள்ள அழுக்கு இன்ஜினை நோக்கிப் போகும். டீசல் வண்டியாக இருந்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் வண்டி கிளம்பும்.

முள் எப்படி வேலை செய்கிறது?

மீட்டரில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘இ’ என்றால் காலி. ‘எஃப்’ என்றால் நிறைவு.

டேங்கின் உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறும். இறங்கினால் அதுவும் இறங்கும். மிதவை ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். அந்தக் கம்பி அசையும்போது, மின்சாரம் போகும் அளவு கூடும், குறையும். இந்த அமைப்புக்கு ‘டேங்க் யூனிட்’ என்று பெயர். அங்கிருந்து ஒரு ஒயர் மீட்டருக்குப் போகிறது. மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப முள் நகர்கிறது.

எச்சரிக்கை விளக்கு சில வண்டிகளில் வேறு விதமாக வேலை செய்கிறது. டேங்கின் அடியில் ஒரு சிறு பொருள் இருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும். பெட்ரோல் குறைந்து அது வெளியே தெரிந்தால் சூடாகும். உடனே விளக்கு எரியும்.

கோளாறு எங்கே?

எல்லா மீட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதா? முதலில் பியூஸைப் பாருங்கள். புது பியூஸ் போட வேண்டுமானால் அதே அளவுள்ளதையே போடுங்கள். கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள். ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும்.

பெட்ரோல் போட்ட பிறகும் முள் ‘இ’-யிலேயே நிற்கிறதா? டேங்க் யூனிட்டின் ஒயர் கழன்றிருக்கலாம். எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். மிதவையில் ஓட்டை விழுந்து, பெட்ரோல் உள்ளே போய், அது மூழ்கியும் இருக்கலாம்.

முள் எப்போதும் ‘எஃப்’-இலேயே நிற்கிறதா? இதுதான் ஆபத்தானது. நிறைய இருக்கிறது என்று நம்பி ஏமாந்துவிடுவோம். மிதவைக் கம்பி மேலேயே சிக்கியிருக்கலாம். ஒயரின் மேலுறை தேய்ந்து வண்டியின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

முள் துள்ளுகிறதா? மேட்டிலும் வளைவிலும் கொஞ்சம் ஆடுவது இயல்பு. பெட்ரோல் சாய்வதால் அப்படி ஆகும். சமதரையிலும் துள்ளினால் டேங்க் யூனிட் தேய்ந்திருக்கும். அல்லது ஒயர் இணைப்பு தளர்ந்திருக்கும்.

முள் சரியாக இருந்து, விளக்கு மட்டும் எரியவில்லையா? முதலில் பல்பைப் பாருங்கள். முள்ளும் விளக்கும் சேர்ந்தே கெட்டால், டேங்க் பக்கத்து இணைப்பையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிக் கட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

ஒரு சிறு சோதனை

முள் ‘எஃப்’-இலேயே நின்றால் இதைச் செய்யலாம். சாவியை அணையுங்கள். டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். அது எதிலும் படாமல் இருக்கட்டும். சாவியைப் போட்டுச் சற்றுப் பொறுங்கள். பல வண்டிகளில் முள் ‘இ’-க்கு இறங்க வேண்டும். இறங்கினால் மீட்டர் நன்றாக இருக்கிறது. டேங்க் யூனிட்தான் கெட்டிருக்கிறது. இறங்காவிட்டால் நடுவில் உள்ள ஒயரில் கோளாறு, அல்லது மீட்டரில் கோளாறு. சில வண்டிகளில் முள் இதற்கு நேர்மாறாக நகரும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை செய்யாமலே மீட்டரை மாற்றச் சொன்னால், “ஒயரையும் டேங்க் யூனிட்டையும் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இவற்றைச் செய்யாதீர்கள்

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். தள்ளி இருக்கும் நெருப்பும் அதைப் பற்றவைத்துவிடும்.

பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. டேங்க் யூனிட்டை நீங்களே கழற்றாதீர்கள். அதை மெக்கானிக் திறந்த வெளியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யட்டும். அருகில் பீடி, சிகரெட் கூடாது.

சரியாகும்வரை என்ன செய்வது?

ஒரு நோட்டும் பேனாவும் போதும். டேங்கை நிரப்புங்கள். கிலோமீட்டரை எழுதுங்கள். 48,200 என்று வைத்துக்கொள்வோம். மறுபடி நிரப்பும்போது 48,350. இந்த முறை 10 லிட்டர் பிடித்தது. ஓடியது 150 கிலோமீட்டர். அப்படியானால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர்.

டேங்கில் 20 லிட்டர் இருந்தால் 5 லிட்டரைக் கையிருப்பாக விட்டுவிடுங்கள். மீதி 15 லிட்டரில் 225 கிலோமீட்டர் ஓடலாம். அதற்குள் பெட்ரோல் போட்டுவிடுங்கள். மலைப் பாதையிலும் நெரிசலிலும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். அங்கே இன்னும் முன்னதாகவே போடுங்கள்.

முள் பொய் சொல்லலாம். ஒழுங்காக எழுதி வைத்த கணக்கு கைவிடாது. முள் சரியான பிறகும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். வண்டி வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் குடித்தால், அதையும் இந்த நோட்டு காட்டிக்கொடுக்கும்.

விடை எழுதுங்கள்

1. முள் ‘எஃப்’-இலேயே நிற்பது ஏன் ஆபத்து?
2. டேங்கின் அருகே ஏன் தீக்குச்சி கிழிக்கக் கூடாது?
3. ஒரு கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும். டேங்கில் 12 லிட்டர் இருக்கிறது. 2 லிட்டரைக் கையிருப்பாக விட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?