எளிய நிகாஹும் சீதன வீடும்

 

ஒரு நிகாஹ் நிறைவேறுவதற்கு மார்க்கம் கேட்பவை மிகச் சிலவே. மணமகன், மணமகள், பெண்ணின் வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல் என்னும் ஒப்புதல் வார்த்தைகள். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நிகாஹின் ருக்னுகளை எண்ணினால் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும். மணமகளுக்கு உரிய மஹர் இவற்றோடு சேர்கிறது. அலங்கார மேடை, வாகன ஊர்வலம், வீடியோப் படப்பிடிப்பு, மண்டபம் ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொவிட் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருந்தபோது நெருங்கிய உறவினர் சிலரோடு வீட்டுக்குள்ளேயே காவின் எழுதிய குடும்பங்கள் பல. அந்த நிகாஹ்களில் எந்தக் குறையும் இல்லை. கட்டுப்பாடு நீங்கியதும் நாம் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டோம்.

முதலில் விருந்தைப் பார்ப்போம். அது கண்ணுக்குத் தெரியும் செலவு, பேசுவதற்கும் எளிதானது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணந்தார்கள். அவர்களுடைய ஆடையில் இருந்த மஞ்சள் நிற வாசனையைக் கண்டு விசாரித்த பின்னரே நபி (ஸல்) அவர்களுக்கு அந்தத் திருமணச் செய்தி தெரியவந்தது. நபிகளார் அவர்களுக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்குமாறு பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இச்செய்தியில் நாம் பெரும்பாலும் ஆட்டைத்தான் கவனிக்கிறோம். அந்தச் சிறிய மதீனாவில், தம் உயிருக்குயிரான நபியையே அழைக்காமல் ஒரு நெருங்கிய தோழர் மணம் முடித்தார். அதற்காக நபிகளார் மனம் கோணவில்லை. நம் ஊர்களில் ஓர் அழைப்பிதழ் தவறிப்போனால் இரண்டு குடும்பங்கள் வருடக்கணக்கில் முகம் பார்ப்பதில்லை. அழைப்புப் பட்டியல் ஏன் நீளுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஸபிய்யா (ரலி) அவர்களை நபிகளார் மணந்தது கைபரிலிருந்து திரும்பும் வழியில். தோல் விரிப்பொன்று விரிக்கப்பட்டது. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் ஆகியவை அதில் வைக்கப்பட்டன. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவிலோ ஆடு அறுக்கப்பட்டு மக்கள் ரொட்டியும் இறைச்சியும் வயிறார உண்டார்கள். இருந்தபோது கொடுத்தார்கள், இல்லாதபோது இருந்ததை வைத்தார்கள். ஆகவே, வசதியுள்ள ஒருவர் ஊருக்கே சோறு போடுவதை ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமாவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற எச்சரிக்கையையும் அந்த வசதியானவர் சேர்த்துப் படித்திருந்தால் போதும்.

இடையே ஒன்றைச் சொல்ல வேண்டும். வலீமா மாப்பிள்ளையின் கடமை. நம் பகுதியிலோ காவின் நாளன்று மாப்பிள்ளையோடு வரும் கூட்டத்துக்குப் பெண்வீட்டார்தான் சோறு ஆக்குகிறார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதை முடிவு செய்வது மாப்பிள்ளை வீடு. பணத்துக்கு ஓடுவது பெண்ணின் வாப்பா. ஒருவருக்கு 1,500 ரூபா என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 500 பேருக்கு ஏழரை இலட்சம் ரூபா ஆகிறது. வாவியில் வலை வீசியோ, தறியில் இருந்தோ, சிறு கடை நடத்தியோ மாதம் 10,000 ரூபா மிச்சம் பிடிக்கும் ஒருவர் இத்தொகையைச் சேர்க்க 75 மாதங்கள் வேண்டும். ஆறேகால் வருட உழைப்பு ஒரு பகற்பொழுதில் சஹனில் பரிமாறப்பட்டு முடிகிறது.

எனினும் விருந்து நம் பிரச்சினையின் சிறு பகுதிதான். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ, ஓட்டமாவடியிலோ மருதமுனையிலோ, ஒரு பெண்பிள்ளையைப் பெற்றவரிடம் கலியாணச் செலவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவர் புரியாணியைப் பற்றிப் பேசமாட்டார். வீட்டைப் பற்றித்தான் பேசுவார்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அரபு நாட்டிலிருந்து வந்ததன்று. ஹதீஸ் நூல்களிலும் இதற்கு வேர் இல்லை. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தின் தாய்வழிக் குடிமுறையோடு பிணைந்தது இது. முக்குவர் சட்டம் என்று பெயர் பெற்ற பழைய தாய்வழி உரிமை முறை இம்மண்ணில் நிலவியது. முக்குவருக்குப் போரில் துணை நின்ற முஸ்லிம்கள் அவர்களிடம் பெண் எடுத்து ஏறாவூர்ப் பகுதியில் குடியேறினார்கள் என்பது செவிவழிச் செய்தி. செய்தி எவ்வாறாயினும், இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகவே எண்ணுகிறார்கள். மணமான மகன் பெண்வீட்டுக்குப் போகிறான். மகள் பிறந்த வளவிலேயே வாழ்கிறாள். மூத்த மகளுக்கு இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்திலோ பின்வளவிலோ சிறிய வீட்டுக்கு ஒதுங்குவதும், அடுத்த மகளுக்காக மீண்டும் அத்திவாரம் வெட்டுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருபவை.

இதில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை நீதியாக ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு பெண்ணின் பெயரில் இருந்தது. உம்மாவும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். கணவன் இறந்தாலோ, தலாக் சொன்னாலோ, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவில்லை. யுத்த காலத்தில் விதவையான பெண்களுக்கு அந்த நான்கு சுவர்கள் எவ்வளவு பெரிய அரணாக இருந்தன என்பதை இப்பகுதியில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அள்ளிச் சென்ற பின், புதிய வீடுகள் குடும்பத் தலைவர் என்ற கணக்கில் ஆண்களின் பெயரில் எழுதப்படுவதைக் குறித்துப் பெண்கள் கவலை எழுப்பியதும் இதனால்தான். ஆகவே சீதன வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டுபவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. வாப்பா தன் மகளுக்கு மனமுவந்து கொடுப்பது ஹிபா, அன்பளிப்பு. அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

கெடுதி எங்கே நுழைந்தது? கொடுப்பது கேட்பதாக மாறிய இடத்தில். இன்று பெண் பார்க்க வருமுன்னரே வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்த வீதியில், எத்தனை அறை, மாடி உண்டா, தரைக்கு ஓடு பதித்தாயிற்றா? மாப்பிள்ளை வைத்தியர் என்றால் ஒரு தரம், பொறியியலாளர் என்றால் ஒரு தரம், ஆசிரியர் என்றால் இன்னொரு தரம்.

நிலத்தின் நெருக்கடியும் இதோடு சேர்ந்துகொண்டது. காத்தான்குடி, வாவிக்கும் கடலுக்கும் நடுவே அகப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டு. நாட்டிலேயே மிக அடர்த்தியாக மக்கள் வாழும் ஊர்களுள் ஒன்று. 1990க்குப் பின் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்த வயல்களுக்குப் போக முடியாமற் போனவர்கள் பலர். வருமானம் சுருங்கியது, ஊருக்குள் ஆட்கள் பெருகினார்கள், ஒவ்வொரு மகளுக்கும் ஊருக்குள்ளேயே ஒரு வளவு வேண்டும் என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. காணியின் விலை ஏன் ஏறுகிறது என்று வியப்படைய என்ன இருக்கிறது? பின்னர் 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது சீமெந்தும் கம்பியும் தங்கமும் சேர்ந்து எட்டாத உயரத்துக்குப் போயின. பூச்சுப் பூசாமல், தூண்களின் மேல் கம்பி நீட்டியபடி பாதியில் நிற்கும் வீடுகளை நீங்கள் ஒவ்வொரு குறுக்கு வீதியிலும் காணலாம். அவ்வாறான வீடுகளில் பல ஒரு குமருக்காகக் காத்திருப்பவை.

அந்த வீட்டைக் கட்டி முடிக்க யார் யார் போகிறார்கள்? தம்பி படிப்பை விட்டுக் கட்டாருக்குப் போகிறான். தனக்கு முப்பத்தைந்து வயதாகியும் மூன்று தங்கைகள் கரையேறும் வரை நானா மணம் முடிக்காமல் இருக்கிறார். பிள்ளைகளை உம்மம்மாவிடம் விட்டுவிட்டுத் தாயொருத்தி சவூதியில் எவருடைய வீட்டிலோ தரை துடைக்கிறாள். நாணயமான உழைப்பை நாம் இழிவாகப் பேசவில்லை. ஆனால் ஓர் ஆரோக்கியமான இளைஞன் குடியிருப்பதற்கு, அவனோடு எந்த உறவும் இல்லாத ஒரு பெண்மணி கடல் கடந்து உழைக்க வேண்டுமா என்ற கேள்வியை அந்த இளைஞன் தன்னிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

இதற்கும் வழியற்றவர்கள் ‘குமர் காரியம்’ என்று பள்ளிவாசல் கடிதத்துடன் வருகிறார்கள். றமழான் மாதத்திலும் ஜும்ஆ நாட்களிலும் பள்ளி வாசலில் அவர்களைக் கண்டிருப்பீர்கள். நாமும் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் போய்ச்சேரும் இடத்தைச் சற்றுப் பின்தொடர்ந்து பாருங்கள். ஏழை வாப்பாவின் கை வழியாக அது மாப்பிள்ளையின் கோரிக்கைக்குள் விழுகிறது. ஸகாத்தைப் பெறத் தகுதியில்லாத ஒருவன், தகுதியுள்ள ஒருவரைத் தெருத்தெருவாக அனுப்பி அதைத் தனக்காகச் சேகரித்துக்கொள்கிறான்.

இனி கைக்கூலி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் இச்சொல்லுக்கு வரைவிலக்கணமே உண்டு. பெண்ணின் உறவினர் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணமும் அசையும் பொருளும், மணமகளின் பயன்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்டவை என்றே சட்டம் கூறுகிறது. அது மாப்பிள்ளையின் சொத்தன்று; அவர் கையில் இருக்கும் மனைவியின் பொருள். பிணக்கு ஏற்பட்டால் அவள் அதனைக் காதி நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம். இதனை அறியாமல் பதிவுப் படிவத்தில் கைக்கூலிக்குரிய இடத்தை ‘இல்லை’ என்று நிரப்பிவிடுகிறோம். எழுதினால் வெட்கம் என்று மாப்பிள்ளை வீடு நினைக்கிறது. வாங்கும்போது வராத வெட்கம் எழுதும்போது வருவது விந்தைதான். வாங்கவே கூடாது என்பது நம் நிலைப்பாடு. ஆனால் கொடுத்துவிட்ட பெற்றோர் அதை மறைப்பது தம் மகளின் உரிமையைத் தாமே அழிப்பதாகும்.

இளைஞர்களே, உங்களில் சிலர் இப்போது மனத்துக்குள் மகிழ்ந்துகொண்டிருக்கலாம். நாங்கள் பள்ளிவாசலில் நிகாஹ் செய்தோம், பேரீச்சம்பழம் கொடுத்தோம், ஊர்வலம் இல்லை, மண்டபம் இல்லை, எல்லாம் ஸுன்னாவின்படி என்று. அல்ஹம்துலில்லாஹ். அன்று இரவு நீங்கள் எந்த வீட்டில் குடிபுகுந்தீர்கள்? மாமனார் பதினைந்து வருடம் கடன்பட்டுக் கட்டிய வீட்டில் என்றால், உங்கள் திருமணம் உங்களுக்குத்தான் எளிமையாக இருந்தது.

மஹரிலும் இதே தந்திரம் நடக்கிறது. பல இலட்சம் பெறுமதியான வீட்டையும் நகையையும் பெற்றுக்கொள்பவர், 1,001 ரூபா மஹர் எழுதிவிட்டு, இரும்பு மோதிரத்தையேனும் தேடி வருமாறு நபிகளார் சொன்ன ஹதீஸை ஆதாரம் காட்டுகிறார். அந்த ஹதீஸில் வரும் தோழரிடம் உடுத்திருந்த ஆடையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. தேடியும் மோதிரம் கிடைக்காதபோதுதான் அவருக்குத் தெரிந்த குர்ஆனைக் கொண்டு நிகாஹ் முடித்து வைக்கப்பட்டது. தம் மனைவியருக்கு நபிகளார் கொடுத்த மஹர் 500 திர்ஹங்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது முஸ்லிமில் உள்ளது. இன்றைய நிறையில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. அரச மாளிகைத் தொகையும் இல்லை, விளையாட்டுத் தொகையும் இல்லை. அலி (ரலி) அவர்கள் பாத்திமா (ரலி) அவர்களுக்குக் கொடுத்தது தம்மிடம் இருந்த போர்க்கவசத்தை. மஹரை மனமுவந்து கொடுக்குமாறு ஸூறா அந்நிஸாவின் 4ஆம் வசனம் ஆண்களை நோக்கியே பேசுகிறது. கொடுக்கும் பணி ஆணுடையது என்ற அடிப்படையையே நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

குடியிருப்பும் அவ்வாறே. வசதிக்கேற்ப மனைவியைக் குடியமர்த்துவது கணவனின் பொறுப்பென்பதை ஸூறா அத்தலாக்கின் 6ஆம் வசனத்திலிருந்து இமாம்கள் விளக்கியுள்ளனர். இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு அப்பொறுப்பை நிறைவேற்றப் போதும். நம் ஊர்களில் மணமானவர் வாடகை வீட்டில் இருப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். மாமனாரின் கடனில் இருப்பதை அவ்வாறு நினைப்பதில்லை.

பெற்றோர்களுக்கும் இரண்டு வார்த்தை. மகள்மாருக்கே எல்லாவற்றையும் எழுதிவிட்டு மகன்மாரை வெறுங்கையோடு அனுப்பும் வீடுகள் உண்டு. தம் மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்த பஷீர் (ரலி) அவர்கள் அதற்கு நபிகளாரைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறு கொடுத்தீர்களா என்று வினவி நபிகளார் அதற்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு போன மகன்தான் நாளை இன்னொருவர் வீட்டில் சீதனம் கேட்கிறான். மகளுக்கு ஏற்கனவே வீடு கட்டிவிட்டீர்களானால் உறுதியை அவள் பெயரில், நொத்தாரிசு மூலம் எழுதிப் பதிவு செய்யுங்கள். மருமகன் மனம் கோணுவார் என்று இருவர் பெயரிலும் எழுத வேண்டாம். மகனைப் பெற்றவர்களோ, பெண் கேட்டுப் போகும் முதல் நாளே, காவின் நாளில் உங்களோடு வரப்போகிறவர் எத்தனை பேர் என்பதை வாயால் சொல்லிவிடுங்கள்.

இளைஞர்களைப் பொறுத்தவரை, காவின் நாளன்று மேடையில் இருந்துகொண்டு எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்வதில் பயனில்லை. அதற்குள் வீடு கட்டப்பட்டிருக்கும், கடன் வாங்கப்பட்டிருக்கும். உம்மாவும் மாமியும் பெண் பார்க்கப் புறப்படும் காலையிலேயே அவர்களிடம் சொல்லுங்கள்: வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், மஹர் இவ்வளவு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.