மக்கள் நடுவே ஒரு மேய்ப்பர்

தில்லிக்கு வந்து படிக்கும் நம்மில் பலர் தோர்னக்கல் என்ற பெயரைப் பார்த்திருப்போம். ஊரைப் பார்த்திருக்க மாட்டோம். சென்னையிலிருந்து தில்லிக்கு வரும் வண்டி விசயவாடாவைத் தாண்டி வாரங்கலை நோக்கி ஓடும்போது இடையில் வரும் ரயில் சந்திப்பு அது. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நிலையம் பின்னே போய்விடும். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் கடந்து வந்தேன். நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒருவர் அந்தச் சிற்றூரில் ஏறத்தாழ 35 ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே மறைந்தார் என்பதை அண்மையில்தான் படித்தறிந்தேன். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

நான் கிறிஸ்தவன் அல்லேன். வேதியியல் பயிலும் மாணவன். ஆயினும் தலைமை என்பது எல்லார்க்கும் பொதுவான பொருள். தமிழ் மன்றத்தில் செயலாளர் தேர்தல் வந்தால் நாமும் அதைப் பற்றித்தானே இரவெல்லாம் பேசுகிறோம்?

திருச்சபையின் குருவைக் குறிக்கும் ‘பாஸ்டர்’ என்ற சொல்லுக்கு இலத்தீன் மொழியில் மேய்ப்பன் என்பதே பொருள். தமிழில் ஆயர் என்பதும் அதுவே. இந்த உவமையில் ஒரு சிக்கல் உண்டு. கோலை ஓங்கி மந்தையை ஓட்டுபவனும் மேய்ப்பன்தான். வழி தவறிய ஓர் ஆட்டைத் தேடி முள்ளுக்குள் நுழைபவனும் மேய்ப்பன்தான். மக்களை நடுவில் வைக்கும் தலைமை எனப்படுவது இரண்டாவது வகை. கட்டடமும் கணக்கும் பதவியும் பின்னே நிற்க, மனிதர் முன்னே நிற்பது. சொல்வது எளிது, செய்வது எப்படி? அதற்குத்தான் அசரியாவின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

அவர் 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இளைஞர் கிறிஸ்தவச் சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றார். அயல்நாட்டுப் பணத்தையும் அயல்நாட்டு ஆட்களையும் நம்பாமல், நம் மக்களே நடத்த வேண்டிய சங்கம் அது. பிறரை அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே புறப்பட்டார். நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்னக்கல்லுக்குக் குடிபெயர்ந்து, தெலுங்கைக் கற்று, மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1910-இல் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கே அசரியா பேசிய பேச்சு இன்றளவும் நினைக்கப்படுகிறது. வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் வருத்தினீர்கள், ஆனால் உடன் உழைக்கும் இந்தியனோடு நட்புக் கொள்ளவில்லையே என்பதுதான் அவர் குறை. உதவி செய்பவன் மேலே நிற்கலாம். நண்பன் பக்கத்தில்தான் நிற்க முடியும். அவையில் பலருக்கு அது கசந்தது.

பிறரைக் குறை கூறியவர் தாம் தலைவரானபின் என்ன செய்தார்? அவருடைய மக்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பார். அந்த இரு வகுப்பாரிடையிலும் பழைய பிரிவினை இருந்தது. அவர்களுக்குள்ளிருந்தே ஆசிரியர்களையும் குருமாரையும் உருவாக்கினார். 1924-இல் 53 ஆக இருந்த இந்தியக் குருமார், 1930-களின் நடுவில் ஏறத்தாழ 250 ஆயினர். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியைப் பிறர்க்குச் சொல்வது தம் கடமை என்று உறுதி கூறச் செய்தார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆடு அந்த மந்தையில் ஒன்றும் இல்லை! 1939-இல் திறக்கப்பட்ட தோர்னக்கல் பேராலயத்திலும் அந்த மண்ணின் முகத்தைக் காணலாம். நம் கோயில் மண்டபம் போன்ற தூண்களும் முகலாயக் குவிமாடமும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

வேதியியலில் வினையூக்கி என்று ஒன்று உண்டு. அது வினையை விரைவுபடுத்தும். முடிவில் தான் முன்பிருந்தபடியே மீளும். தலைவன் இப்படி இருந்தால் போதும் என்று நான் எண்ணியதுண்டு. அசரியாவைப் படித்தபின் அது தவறென்று தோன்றுகிறது. மக்களிடையே சென்ற தலைவன் போனபடியே திரும்பிவந்தால், அவன் போகவே இல்லை என்றுதான் பொருள்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் கூற வரவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவது குறித்துக் காந்தியடிகள் 1930-களில் அவரோடு கடுமையாக மாறுபட்டார். மேலும், எடின்பரோவில் நண்பர்களைக் கேட்டவரைத் தோர்னக்கல் மக்கள் ‘தண்ட்ரிகாரு’, அதாவது தந்தையார், என்றே அழைத்தனர். அன்பு நிறைந்த பெயர்தான். ஆயினும் தந்தைக்கும் நண்பனுக்கும் இடையே ஒரு படி உயரம் இருக்கிறது. அந்தப் படியை இறங்குவது எவ்வளவு அரிது என்பதற்கு இதுவே சான்று.

அவர் 1945 சனவரி முதல் நாள் காலமானார். அவர் பாடுபட்ட திருச்சபை ஒற்றுமை, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை என உருப்பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபையிலும் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையை இறைமக்கள் என்று எடுத்துரைத்தது. வழிபாட்டில் அவரவர் தாய்மொழிக்கு இடம் தந்தது. மேய்ப்பர் மக்களின் மொழிக்கு வரவேண்டும் என்பதை உலகம் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது.

இனி, நம் கதைக்கு வருவோம். 2025 சூன் முதல் நாள், தில்லியில் ஜங்புராவை அடுத்துப் பாராபுலா வடிகாலோரம் இருந்த மதராசி முகாம் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. அங்கே பல்லாண்டுகளாகக் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்தவர்கள். சிலருக்குத் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. சிலருக்கு அதுவும் இல்லை. அச்செய்தியை நான் விடுதியில் காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். அதற்கு முன் ஒரு நாளேனும் அங்கே சென்றதில்லை. அங்கிருந்த ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. பொங்கல் விழாவில் தில்லித் தமிழர் சார்பில் வரவேற்புரை படித்தவனும் நான்தான்!

நண்பர்களே, அடுத்த பொங்கலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நரேலாவுக்குப் போய் வருவோம். விழாவுக்கு அழைக்க அன்று. துணி வழங்கிப் படம் எடுக்கவும் அன்று. முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ள.