வஸ்வாஸ்: பேணுதலா, பிணியா?



சீனன்குடாவில் ஒரு தாய் என்னிடம் வந்தார். பன்னிரண்டு வயது மகன் வுழூச் செய்ய முக்கால் மணி நேரம் எடுக்கிறான்; கைத்தோல் வெடித்துவிட்டது; சுபஹ் ஜமாஅத்தும் தவறுகிறது. “மகனுக்குப் பேணுதல் கூடிவிட்டதா மௌலவி, அல்லது ஓதிப் பார்க்க வேண்டுமா?” என வினவினார்.

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்தார்கள். வுழூ உறுதியாக இருந்தால் வெறும் சந்தேகத்தால் அது முறியாது என்பதே மார்க்கச் சட்டம். இச்சட்டத்தை அறிந்த பின்னரும் ஒரு பிள்ளையால் கழுவுவதை நிறுத்த முடியவில்லையெனில், அது பேணுதலன்று, ஈமானின் குறையுமன்று. மருத்துவர்கள் அதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர். கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, வஸ்வாஸை ஒரு தனி நோயாகவே தம் நூலில் விளக்கியுள்ளார்.

இந்நோயைத் தொடக்கத்திலேயே இனங்காண மருத்துவர்கள் கேட்கும் வினாக்கள் எளியவை. அளவுக்கு மிஞ்சிக் கழுவுகிறாயா? செய்ததையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறாயா? விரட்டியும் போகாத எண்ணம் உண்டா? அன்றாட வேலைகள் முடிய நெடுநேரம் ஆகிறதா? பொருள்கள் ஒழுங்கு மாறினால் பதறுகிறாயா? இவை உன்னை வருத்துகின்றனவா? ‘ஆம்’ என்ற பதில் தீர்ப்பாகாது. மருத்துவரை நாடுவதற்கான அறிகுறியே. நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் இவற்றில் கழிந்தால் தாமதிக்கவே கூடாது.

வாலிபர்களே! அல்லாஹ்வைப் பற்றித் தகாத எண்ணம் தானாக வந்து உங்களை நடுங்கச் செய்கிறதா? ஸஹாபாக்களும் அத்தகைய எண்ணங்களைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்டார்கள்; நபியவர்கள் அவர்களைக் கடியவில்லை. மறைக்காதீர்கள், உம்மா வாப்பாவிடம் கூறுங்கள்.

பெற்றோர்களே! அந்தப் பிள்ளையை ஏசாதீர்கள். “என் வுழூ கூடுமா?” என்று பத்து முறை கேட்டால் பத்து முறையும் உறுதி கூறுவது நோயையே வளர்க்கும். அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்படின் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்; 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

துஆவும் செய்வோம், மருந்தும் செய்வோம். இரண்டும் சுன்னத்தே.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியை அருள்வானாக! ஆமீன்.