அம்பாசிடருக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும்?

உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அப்பா வாங்கிய வண்டி, தாத்தா ஓட்டிய வண்டி என்று அதைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் தமிழகத்தில் உண்டு. சும்மா வைத்திருப்பதில்லை. ஏசி போடுகிறார்கள், ஹாலஜன் விளக்கு மாற்றுகிறார்கள், ஆடியோ செட் வைக்கிறார்கள். பிறகு ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. “ஆல்டர்னேட்டர் போயிடுச்சு சார், பெருசா ஒண்ணு போட்டுடலாம்” என்பார் எலக்ட்ரீஷியன். அந்தப் ‘பெருசு’ எவ்வளவு பெரிது என்பதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

வாங்கப் போகும்முன் ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்தினால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் பெல்ட். அடுத்தது, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயர். துருப்பிடித்த எர்த் ஒயருக்காக நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிவது வீண் செலவு. அளவு 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. வண்டி நின்றிருக்கும்போதே இரவில் பேட்டரி இறங்கினால், டையோடு கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் சில ஷெட்களில் இன்னும் இருக்கிறது. அது டைனமோ காலத்து வித்தை. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறி, டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். அனுமதிக்கவே கூடாது.

அம்பாசிடரின் மூல வடிவம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அக்காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ கொடுத்தது 22 ஆம்பியர். ஐடிலிங்கில் அதுவும் கிடைக்காது. சிக்னலில் நின்றால் பேட்டரிதான் விளக்கை எரிக்கும். அமெரிக்காவில் கிரைஸ்லர் 1960-ஆம் ஆண்டின் வேலியண்ட் காரிலேயே ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்தது. குறைந்த வேகத்திலும் சார்ஜ் ஏற்றும் என்பதே அதன் பெரிய பலம்.

இப்போது கணக்குப் போடலாம். டிம்மில் இரண்டு ஹெட்லைட்டுகளுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர். பின்விளக்கும் மீட்டர் விளக்கும் 3. இக்னிஷன் 4, வைப்பர் 4. ஆக 20. ஏசி போட்ட வண்டியில் ப்ளோயருக்கு 12, கம்ப்ரஸர் கிளட்ச்சுக்கு 4, கண்டென்சர் ஃபேனுக்கு 9 சேர்த்தால் 45-ஐ எட்டும். மழை இரவில் அண்ணாசாலை நெரிசலில் இவை அனைத்தும் ஒன்றாக ஓடும், அதுவும் ஐடிலிங்கில்.

லேபிளில் உள்ள எண் அந்த நேரத்துக்குப் பொருந்தாது. ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது கிடைக்கும் மின்னோட்டமே அதில் பொதுவாக அச்சிடப்படுகிறது. ஐடிலிங்கில் பல பழைய வடிவங்கள் அதில் பாதிகூடத் தருவதில்லை. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “ஐடிலிங்கில் எவ்வளவு வரும்?” என்பதே. ஏசி இல்லாத வண்டிக்கு 35 முதல் 45 ஆம்பியர் தாராளம். ஏசி இருந்தால், ஐடிலிங்கிலும் போதிய அளவு தரும் வடிவமாகப் பார்த்து வாங்கினால் 60, 65 போதும்.

நூறுக்கு மேல் போனால்? ஒற்றை வி-பெல்ட் திணறும். 100 ஆம்பியரை முழுதாகக் கறந்தால் இன்ஜினிடமிருந்து மூன்று குதிரைத்திறனுக்கு மேல் இழுக்கும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் வழுக்கினால் சார்ஜும் குறையும், இன்ஜினும் சூடாகும். டாஷ்போர்டில் 30 ஆம்பியர் வரை அளக்கும் பழைய ஆம்மீட்டர் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்: சார்ஜ் மின்னோட்டம் அதன் வழியாகவே போவதால் ஒயரிங் உருகித் தீப்பிடிக்கக்கூடும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த ஒயரைத் தனியாக, ஃபியூஸோடு இழுத்த பிறகே பெரியதை மாட்ட வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் இங்கே நின்று படிக்க வேண்டும். டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வேக்குவம் இயல்பாகக் கிடைக்காது. அதனால் பல டீசல் கார்களில் ஆல்டர்னேட்டரின் பின்புறமே ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும்; அதற்கு இன்ஜின் ஆயில் குழாயும் வரும். விலை மலிவு என்று பெட்ரோல் வண்டியுடையதை மாட்டினால், சார்ஜ் ஏறும், பிரேக் கல்லாகிவிடும். உயிரோடு விளையாடும் வேலை அது.

டைனமோவிலிருந்து மாறுகிறவர்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தா என்று பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் அப்படி உண்டு. பேட்டரி முனைகளை மாற்றி இணைத்தால் டையோடுகள் அக்கணமே போய்விடும். பழைய கட்-அவுட் பெட்டியையும் இணைப்பிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

புதியதா, பழையதைச் சரிசெய்வதா? கேஸிங் உடையாமலும் ஸ்டேட்டர் காயில் கருகாமலும் இருந்தால் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர், டையோடு மாற்றிச் சரிசெய்வதே நல்லது. பிராக்கெட்டும் புல்லி நேர்கோடும் மாறாமல் அப்படியே பொருந்தும். புதியது வாங்குவதென்றால் 1961-இல் தொடங்கி சென்னை பாடியில் ஆலை நடத்தும் லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனத்தின் பொருளை, பழையதன் பார்ட் நம்பரைக் காட்டிக் கேட்கலாம். புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் தேடுவோர், பெஞ்சில் ஓட்டிக் காட்டாத எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.

மாட்டிய அன்றே எல்லாவற்றையும் ஆன் செய்து, ஐடிலிங்கில் பேட்டரியில் அளக்க வேண்டும். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயர் மெலிது. வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கும்முன் அதையும் மாற்றச் சொல்ல வேண்டும்.